ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு: வீடு, பதிவு, சம்பளம் பற்றிய முழுமையான வழிகாட்டி

விசா கிடைத்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று, வேலையில் சேரும் தேதியும் குறித்தாயிற்று. இதற்குப் பிறகு ஜெர்மனியில் உங்கள் முதல் மூன்று மாதம் எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது: சட்டப்படி பதிவு செய்துகொள்ளக்கூடிய ஒரு முகவரி.

வரி எண் வருவதற்கு முகவரி வேண்டும். குடியிருப்பு அட்டைக்கு முகவரி வேண்டும். பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று இல்லாமல் கணக்கு திறப்பதில்லை. முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்காரரோ மூன்று மாதச் சம்பளச் சீட்டும் ஜெர்மன் கடன் வரலாற்றுச் சான்றும் கேட்பார். புதிதாக இறங்கியவரிடம் இரண்டும் இருக்காது. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, வீட்டை இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொள்வதுதான். முதலில் மூன்று முதல் ஆறு மாதத்துக்குக் கட்டில், மேசை, அடுப்போடு ஒரு தற்காலிக வீடு. அங்கே பதிவு செய்து, சம்பளம் வாங்கி, ஆவணங்களைச் சேர்த்த பிறகு நிரந்தர வீடு. ஊரில் இருக்கும்போதே நேராக நிரந்தர வீடு பிடிக்க முயல்கிறவர்கள்தான் மோசடிக்காரர்கள் கையில் அதிகம் சிக்குகிறார்கள்.

கிளம்புவதற்கு முன்: சம்பளக் கணக்கு

ஆஃபர் கடிதத்தில் இருப்பது ஆண்டு மொத்தச் சம்பளம். அதை ரூபாயாக மாற்றிப் பார்த்து மகிழ்வதற்கு முன் பிடித்தங்களைக் கழித்துப் பாருங்கள். உயர்தகுதி வேலைகளுக்கான ப்ளூ கார்டு விசாவுக்கு 2026-இல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 50,700 யூரோ. ஐடி, பொறியியல், மருத்துவம் போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும், படிப்பு முடித்து மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கும் 45,934.20 யூரோ. இந்த வரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும்.

50,700 என்றால் மாதம் 4,225. இதில் ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3 சதவீதம், மருத்துவக் காப்பீட்டுக்கு எட்டரை ஒன்பது சதவீதம், பராமரிப்புக் காப்பீட்டுக்கு இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல், அப்புறம் வருமான வரி. தனி ஆளாக இருந்தால் கைக்கு வருவது சுமார் 2,700 யூரோ. வீட்டுக்காரர்கள் பலர் பார்க்கிற அளவுகோல், வாடகை கைச்சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது. ஆகவே உங்கள் இலக்கு 900 யூரோவை ஒட்டிய வீடு. லைப்ஸிக்கில் இது நல்ல வீட்டுக்குப் போதும். மியூனிக்கில் ஒரு அறை கிடைத்தாலே பெரிய விஷயம். ஒரே சம்பளத்துக்கு இரண்டு ஊரில் ஆஃபர் இருந்தால் முதலில் வாடகையைப் பாருங்கள்.

பட்டம் செல்லுமா என்பதை அனாபின் என்ற அரசுத் தரவுதளத்தில் பார்க்கலாம். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு 'எச் பிளஸ்' என்ற குறியீடு இருந்து, பட்டமும் பட்டியலில் இருந்தால் அந்தப் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸாப் என்ற அமைப்பிடம் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், முன்பே தொடங்கிவிடுங்கள். ஐடியில் பட்டம் இல்லாதவர்களும் மூன்று ஆண்டு தகுந்த அனுபவம் இருந்தால் ப்ளூ கார்டு கேட்கலாம். செவிலியர், மருத்துவர் போன்ற தொழில்களுக்கு ஜெர்மன் அங்கீகாரம் கட்டாயம். அது தனிப் பாதை, இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. எதுவானாலும் ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொட்டுவதற்கு முன் 'மேக் இட் இன் ஜெர்மனி' என்ற அரசு இணையதளத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அவர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்வதில் பெரும்பகுதி அங்கே இலவசமாக இருக்கிறது.

கைப்பையில் எடுத்து வர வேண்டியவை: பட்டச் சான்றுகள், பிறப்புச் சான்று, திருமணச் சான்று, வேலை ஒப்பந்தம், பழைய கம்பெனி அனுபவக் கடிதங்கள், குழந்தைகளின் தடுப்பூசி அட்டை. அசல் எல்லாம் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம். நம்மில் பலருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். வேலை ஒப்பந்தத்தில் ஒரு மாதிரி, பட்டத்தில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்று இருந்தால் இங்கே ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். கம்பெனியிடம் சொல்லி ஒப்பந்தத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் போட வையுங்கள். வங்கி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை.

தற்காலிக வீடு: கேட்க வேண்டிய ஒரே கேள்வி

படத்தில் அழகாக இருக்கிறதா, ரயில் நிலையம் பக்கமா என்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி: இங்கே ஆன்மெல்டுங் செய்யலாமா? குடிபுகுந்த முகவரியை ஊர் அலுவலகத்தில் பதிவு செய்வதற்குத்தான் அந்தப் பெயர். சட்டப்படி குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் தேவை, வோனுங்ஸ்கேபர்-பெஸ்டேட்டிகுங் என்பார்கள். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. இந்தத் தாளைத் தருவதாக எழுத்தில் பதில் வராத வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டாம். ஹோட்டல்களும் குறுகிய கால விடுதிகளும் பெரும்பாலும் இதைத் தருவதில்லை. கம்பெனி முதல் மாதம் தங்க இடம் தருகிறது என்றால் ஹெச்ஆரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள்.

பொருட்களோடு கூடிய வீடுகளுக்கு வுண்டர்ஃப்ளாட்ஸ், ஹவுசிங்எனிவேர் போன்ற தளங்கள் இருக்கின்றன. வாடகை கூடுதல்தான். ஆனால் அந்தக் கூடுதல் பணத்துக்கு உங்களுக்கு முகவரி கிடைக்கிறது, அதுதான் இப்போது தேவை. செலவைக் குறைக்க வேண்டுமானால் வேகே, அதாவது ஒரு வீட்டை நாலைந்து பேர் அறை அறையாகப் பகிர்ந்துகொள்வது. வேகே-கெசூக்ட் தளத்தில் தேடலாம். உள்வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் அசல் வீட்டுக்காரரின் அனுமதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அனுமதி இல்லாத அறையில் இருந்து ஒரே வாரத்தில் வெளியேற நேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மோசடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பணம் போனால் திரும்ப வராது. கதை எப்போதும் ஒரே அச்சுதான். நகர மையத்தில் பளபளப்பான வீடு, வாடகை சந்தை விலையில் பாதி. உரிமையாளர் இப்போது லண்டனிலோ ஸ்பெயினிலோ இருப்பதாகச் சொல்வார். மிக மரியாதையாக, நீளமாக ஆங்கிலத்தில் எழுதுவார், தன் பாஸ்போர்ட் படத்தைக்கூட அனுப்பி வைப்பார். சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், அட்வான்ஸை முதலில் போடுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தருகிறேன் என்பார். சில சமயம் பிரபலமான வாடகைத் தளத்தின் பெயரில் போலிப் பக்கம் ஒன்றின் இணைப்பும் வரும். அவர் அனுப்பிய பாஸ்போர்ட், முன்பு ஏமாந்த இன்னொருவருடையதாக இருக்க வாய்ப்பு உண்டு. உங்களுடையதை அனுப்பினால் அடுத்து அது சுற்றும். ஆகவே வீட்டை நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ நேரில் பார்த்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் ஒரு சென்ட் கூட அனுப்பக் கூடாது. நம்பகமான தளங்களில் பணம் தளத்தின் வழியாகவே போகும். 'தளத்துக்கு வெளியே பேசிக்கொள்வோம்' என்று சொன்ன அந்த நிமிடமே பேச்சை நிறுத்திவிடுங்கள். பாஸ்போர்ட் நகல் கேட்டால், எந்த வீட்டுக்காக எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

இறங்கிய முதல் இரண்டு வாரம்

பியூர்கர்ஆம்ட் என்ற ஊர் அலுவலகத்தில் ஆன்மெல்டுங்குக்கு அப்பாயின்ட்மென்ட் எடுக்க வேண்டும். பெர்லின் போன்ற பெரிய நகரங்களில் இதுவே திண்டாட்டம். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் இணையப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பாருங்கள், ரத்தான இடங்கள் அப்போது வரும். நகரத்தின் எந்தக் கிளையிலும் பதியலாம், வீட்டுப் பக்கத்துக் கிளைதான் வேண்டும் என்பதில்லை. இரண்டு வாரத்துக்குள் இடம் கிடைக்கவே இல்லை என்றால், கிடைத்த தேதியின் உறுதி மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். ஊர் கிளம்பும் முன்பே இந்த அப்பாயின்ட்மென்டைப் போட்டுவைப்பது இன்னும் நல்லது.

பதிவுப் படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர், எவாங்கேலிஷ் (புராட்டஸ்டன்ட்) சபையினர் என்று பதிவானால் வருமான வரியின் மேல் தேவாலய வரி பிடிப்பார்கள். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. நம் கிறிஸ்தவ நண்பர்கள் பலர் இதைச் சம்பளச் சீட்டில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். சபைக்குக் கொடுப்பதில் மகிழ்ச்சி உள்ளவர்கள் கொடுக்கட்டும். ஆனால் தெரிந்து கொடுக்க வேண்டும். பின்னால் விலக வேண்டுமானால் அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது.

இப்போது ஒரு சின்ன வேலை, ஆனால் இதை விட்டால் எல்லாம் நிற்கும். ஜெர்மன் முகவரியில் பொதுவாக வீட்டு எண் உண்டு, ஃப்ளாட் எண் கிடையாது. தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, ஊர், அவ்வளவுதான். முப்பது குடும்பம் இருக்கிற கட்டடத்தில் உங்கள் கடிதம் எந்தப் பெட்டிக்குள் போக வேண்டும் என்பதைப் பெட்டியில் ஒட்டியிருக்கிற பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் முடிவு செய்கிறார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். வரி எண், வங்கி அட்டையின் பின் எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். ஆகவே சாவி வாங்கிய அன்றே தபால் பெட்டியிலும் வாசல் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டுங்கள். உள்வாடகையில் இருந்தால் அசல் குடியிருப்பாளர் பெயருக்குக் கீழே உங்கள் பெயர். பெட்டியை நாள்தோறும் திறந்து பாருங்கள். அரசுக் கடிதத்துக்குப் பதில் சொல்லும் கெடு உங்களுக்கு அது புரிந்த நாளில் இருந்து ஓடுவதில்லை, வந்து சேர்ந்ததும் ஓடத் தொடங்கிவிடும்.

பதிவு முடிந்த சில வாரத்தில் 11 இலக்க வரி எண் வரும். அது வருவதற்குள் முதல் சம்பள நாள் வந்துவிட்டால் கம்பெனி உங்களை ஆறாம் வரி வகுப்பில் போட்டுவிடலாம். பிடித்தம் பயங்கரமாக இருக்கும். பதற வேண்டாம். எண் கிடைத்ததும் கொடுத்தால் பெரும்பாலும் அடுத்த மாதமே சரிசெய்துவிடுவார்கள், மிச்சம் ஆண்டு வரிக் கணக்கில் திரும்பும். மனைவியோ கணவரோ உங்களோடு வந்து சேர்ந்து பதிவும் ஆன பிறகு, ஒருவர் மட்டும் சம்பாதிக்கிற வீட்டில் மூன்றாம் வகுப்புக்கு மாற்றினால் கைச்சம்பளம் நன்றாகவே கூடும்.

மருத்துவக் காப்பீட்டில் டேகா, ஆஓகா, பார்மர் போன்ற பொதுக் காப்பீடுகளில் ஒன்றை எடுங்கள். சம்பளம் அதிகமானவர்களுக்குத் தனியார் காப்பீடு மலிவாகத் தெரியும், ஏஜென்டுகளும் விடமாட்டார்கள். என் கருத்து தெளிவு: குடும்பத்தோடு வாழ வருகிறவர் பொதுக் காப்பீட்டிலேயே இருக்க வேண்டும். வேலை செய்யாத மனைவி அல்லது கணவருக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பிரீமியம் கிடையாது. தனியாரில் தலைக்கு ஒரு பிரீமியம், வயது ஏற ஏற அதுவும் ஏறும், திரும்பி வரும் வழியோ குறுகல்.

கூடவே வந்து நிற்கும் இன்னொரு கடிதம், ஒலிபரப்புக் கட்டணம். வீட்டில் டிவி இருக்கிறதோ இல்லையோ, ஒரு குடியிருப்புக்கு மாதம் 18.36 யூரோ, 2021 ஆகஸ்டில் இருந்து இதுதான் தொகை. இது மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள். பகிர்ந்த வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டு எழுதிவிடலாம்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அட்டைக்கான விண்ணப்பத்தையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள். விசாவில் ஆறு மாதமோ ஓராண்டோ இருக்கிறதே என்று விட்டால் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் அலைய வேண்டிவரும். விசா காலாவதி ஆவதற்கு முன் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். போட்டதற்கான ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். அட்டை வரத் தாமதமானால் இடைக்காலச் சான்று கேட்டு வாங்கலாம். அதை வைத்து இந்தியாவுக்கு வந்துபோக முடியுமா என்பது அதில் எந்தக் கட்டம் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. டிக்கெட் போடும் முன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வேலையில்

முதல் ஆறு மாதம் வரை ப்ரொபேஷன் இருக்கும். அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் இரண்டு வார நோட்டீஸில் பிரியலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆகவே இந்த ஆறு மாதத்தில் கார் கடன், புதுச் சமையலறை என்று பெரிய செலவில் இறங்க வேண்டாம். உடம்பு சரியில்லாவிட்டால் அன்று காலையே, வேலை தொடங்கும் முன் தெரிவித்துவிடுங்கள். மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவர் சான்று சட்டப்படி தேவை. சில ஒப்பந்தங்களில் முதல் நாளே கேட்பார்கள். ஒரே இடத்தில் நான்கு வாரம் வேலை பார்த்த பிறகு, நோயில் ஆறு வாரம் வரை கம்பெனி முழுச் சம்பளம் தரும். காய்ச்சலோடு ஆபீஸ் போய் உழைப்பைக் காட்டுவதை இங்கே யாரும் மெச்சுவதில்லை. வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டப்படி குறைந்தது 20 நாள் ஆண்டு விடுப்பு. பல கம்பெனிகள் 28, 30 தருகின்றன.

வேலை போய்விட்டால் செய்ய வேண்டியவை இரண்டு. நோட்டீஸ் கையில் கிடைத்த மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவராகப் பதிய வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் இரண்டு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மறைத்து வைத்து வேறு வேலை தேடலாம் என்று நினைக்கிறவர்கள் வீண் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள். கடந்த 30 மாதத்தில் 12 மாதம் பங்களிப்பு கட்டியிருந்தால் வேலையின்மைப் பணத்துக்கும் தகுதி உண்டு. ப்ளூ கார்டில் முதல் 12 மாதத்துக்குள் கம்பெனி மாறினாலும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

நிரந்தர வீட்டுக்கான கோப்பு

மூன்று சம்பளச் சீட்டு சேர்ந்ததும் தேடலில் இறங்கலாம். அதற்கு முன் ஒரே பிடிஎஃப் கோப்பாக இவற்றை அடுக்குங்கள்: உங்களைப் பற்றி ஜெர்மனில் அரைப்பக்க அறிமுகம், படிவமாக நிரப்பிய சுயவிவரம், சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், ஷுஃபா சான்று, இப்போதைய வீட்டுக்காரரிடம் வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம். ஷுஃபாதான் இங்கே கடன் வரலாற்றை வைத்திருக்கும் நிறுவனம். உங்களைப் பற்றிய தகவல் நகலைச் சட்டப்படி இலவசமாகவே கேட்டு வாங்கலாம். ஆனால் அதில் உங்கள் கணக்குகளின் விவரம் எல்லாம் இருக்கும், அது நீங்கள் பார்ப்பதற்கு. வீட்டுக்காரருக்குக் கொடுப்பதற்கென்று கட்டணம் கட்டி வாங்கும் சுருக்கமான சான்று தனியாக இருக்கிறது.

விளம்பரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கால்ட்மீட்டே என்பது வெறும் வாடகை. அதோடு தண்ணீர், குப்பை, படிக்கட்டு சுத்தம், பெரும்பாலும் வெப்பமூட்டல் எல்லாம் சேர்ந்தால் வார்ம்மீட்டே. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இதிலும் சேராது. இரண்டு அறை வீடு என்றால் ஒரு ஹால், ஒரு படுக்கையறை. சமையலறையும் குளியலறையும் எண்ணிக்கையில் வராது. 'ஈபேகா' (EBK) என்ற மூன்றெழுத்தைத் தேடுங்கள், சமையலறை பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். அது இல்லாவிட்டால் சமையலறை என்று சொல்லி உங்களுக்குக் காட்டுவது நாலு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் நீங்கள் வாங்க வேண்டும், அல்லது காலி செய்கிறவரிடம் விலை பேசி எடுத்துக்கொள்ள வேண்டும். கூரையில் விளக்குகூட இருக்காது, ஒயர் மட்டும் தொங்கும்.

இம்மோபிலியன்ஸ்கவுட்24, இம்மோவெல்ட், க்ளைன்அன்ட்ஸைகன் மூன்றிலும் அலர்ட் போட்டு, புது விளம்பரம் வந்த சில நிமிடத்தில் எழுதுங்கள். மாலையில் வீட்டுக்கு வந்து சாவகாசமாக எழுதுவதற்குள் நூறு பேர் எழுதியிருப்பார்கள். கடிதம் ஜெர்மனில், ஐந்தாறு வரிக்குள்: யார், என்ன வேலை, எங்கே, எத்தனை பேர் குடிவருகிறீர்கள், எப்போதிலிருந்து. வீடு பார்க்கக் கூப்பிட்டால் அங்கே உங்களுக்கு முன் இருபது பேர் படிக்கட்டில் நிற்கலாம். ஐந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். ஷூவைக் கழற்றவா என்று கேளுங்கள். ஜன்னல் ஓரத்திலும் குளியலறைக் கூரை மூலையிலும் கருப்புப் பூஞ்சை இருக்கிறதா, சமையலறையில் ஜன்னல் இருக்கிறதா, போனில் சிக்னல் எடுக்கிறதா என்று பாருங்கள். அன்று இரவுக்குள் கோப்பை அனுப்பிவிடுங்கள்.

ஒரு யோசனை: நகர எல்லைக்குள்ளேயே நிற்காதீர்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை என்றால் ஹனாவ், டார்ம்ஸ்டாட். ஸ்டுட்கார்ட் என்றால் எஸ்லிங்கன், லூட்விக்ஸ்புர்க். மியூனிக் என்றால் ஃப்ரைஸிங், டாஹாவ், கொஞ்சம் பொறுமை இருந்தால் ஆக்ஸ்புர்க்கூட. நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களில் செல்லும் டாய்ச்லண்ட் டிக்கெட் 2026 ஜனவரியில் இருந்து மாதம் 63 யூரோ. வேறு ஊருக்கு மாறினால் உங்கள் வெளிநாட்டவர் அலுவலகமும் மாறும், நடுவில் இருக்கிற விண்ணப்பம் கோப்போடு பயணம் செய்யும். அட்டை கைக்கு வந்த பிறகு மாறுவது நிம்மதி.

ஒப்பந்தமும் சாவியும்

அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத கால்ட்மீட்டே. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. பலர் இதைத் தெரியாமலே மொத்தமாகப் புரட்டுகிறார்கள். தரகர் கட்டணம் யார் அமர்த்தினாரோ அவருடையது, 2015 ஜூனில் இருந்து இதுதான் சட்டம். வீட்டுக்காரர் அமர்த்திய தரகர் உங்களிடம் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் வாடகை ஏற்றம் எப்படி என்று பாருங்கள்: ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகை ஏறும் படிக்கட்டு முறையா, விலைவாசிக் குறியீட்டைப் பின்தொடருமா, சாதாரண முறையா? குறைந்தபட்சம் இத்தனை ஆண்டு காலி செய்ய முடியாது என்ற ஷரத்து இருக்கிறதா? அது இல்லாவிட்டால் நீங்கள் எப்போதும் மூன்று மாத நோட்டீஸில் வெளியேறலாம். அந்த நோட்டீஸ் தாளில், பேனாவால் கையெழுத்திட்டு, மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் போய்ச் சேர வேண்டும். மின்னஞ்சல் செல்லாது.

சாவி வாங்கும் நாளில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவார்கள். இதில் அவசரப்படாதீர்கள். பகல் வெளிச்சத்தில் போங்கள். ஒவ்வொரு அறையிலும் தரைக் கீறல், சுவர் ஓட்டை, கதவுப் பெயர்ச்சி, குழாய்க் கசிவு, ஹீட்டர் திருகு எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள், படமும் எடுங்கள். மின்மீட்டர், ஹீட்டர் மீட்டர் எண்களையும் அன்றைய அளவையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எத்தனை சாவி என்பதும் அதில் இருக்க வேண்டும். காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைக்கப் பார்க்கும் வீட்டுக்காரரிடம் உங்களுக்காகப் பேசப் போவது இந்தத் தாள் மட்டுமே. மறுபடி இரண்டு வாரத்துக்குள் புது முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், பழைய வீட்டில் இருந்து தபாலைத் திருப்பிவிடும் சேவையையும் போட்டுவிடுங்கள். மின்சாரம் தானாக ஓடும், ஆனால் அது உள்ளூர் நிறுவனத்தின் அடிப்படைக் கட்டணம். ஒப்பிட்டுப் பார்த்து மாற்றினால் கணிசமாக மிச்சமாகும்.

குடிவந்த பிறகு

சாம்பார் கொதிக்கும், குக்கர் விசிலடிக்கும், துணி உள்ளேதான் காயும். இந்த ஈரமெல்லாம் குளிர்காலத்தில் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சையாகும், பழியும் செலவும் உங்கள் மேல் வரும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை ஜன்னல்களை முழுக்கத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட விட்டு மூடுங்கள். நாள் முழுக்கச் சாய்த்துத் திறந்து வைப்பது வீட்டைக் குளிராக்குமே தவிர ஈரத்தை எடுக்காது. இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரையும் ஞாயிறு முழுதும் சத்தம் கூடாது; ட்ரில் போடுவதெல்லாம் சனிக்கிழமை மதியத்துக்குள் முடியட்டும். ஞாயிறன்று கடைகளும் இருக்காது.

கதவு சாத்தினாலே வெளியில் இருந்து பூட்டிக்கொள்ளும். குப்பை போடப் போனாலும் சாவி பையில் இருக்க வேண்டும். இரவில் பூட்டுக்காரரைக் கூப்பிட்டால் நூற்றுக்கணக்கில் யூரோ போய்விடும். கட்டடத்தின் பொதுச் சாவி தொலைந்தால் பூட்டு முழுவதையும் மாற்றும் செலவு உங்களுடையதாகலாம். இதற்காகவே ஹாஃப்ட்ஃப்ளிக்ட் என்ற பொறுப்புக் காப்பீட்டை, சாவி இழப்பையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு சின்னத் தொகைதான். வாடகையில் சேர்த்துக் கட்டிய வெப்பமூட்டல், தண்ணீர்ச் செலவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு வரும். கணக்கு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அது வந்து சேராவிட்டால் பொதுவாகக் கூடுதல் பணம் கேட்க முடியாது. தொகை பெரிதாகத் தெரிந்தால் ஊரில் உள்ள வாடகையாளர் சங்கத்தில் உறுப்பினராகி அவர்களிடம் காட்டுங்கள். அந்த உறுப்பினர் கட்டணம் முதல் தகராறிலேயே பலன் தரும்.

குடும்பமும் மொழியும்

ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் கணவர் அல்லது மனைவி விசாவுக்கு ஜெர்மன் தேர்வு காட்டத் தேவையில்லை, வந்ததும் வேலைக்கும் போகலாம். குழந்தைக்கு மாதம் 259 யூரோ கிண்டர்கெல்ட் என்ற அரசு உதவித்தொகை உண்டு, 2026 முதல் இதுதான் தொகை. மழலையர் பள்ளியில் இடம் கிடைப்பதுதான் கடினம், பதிவு முடிந்த உடனே பெயர் கொடுத்துவிடுங்கள்.

தமிழ்ச் சூழல் நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும். எண்பதுகளில் இருந்து வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள் பல நகரங்களில் கடைகளும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் கோயில்களும் நடத்துகிறார்கள். ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் 2002-இல் குடமுழுக்கு கண்டது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். முருங்கைக்காய் எங்கே கிடைக்கும், எந்தக் குழந்தை மருத்துவர் புது நோயாளிகளை எடுக்கிறார், எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் கேட்பார்கள் என்பதெல்லாம் அந்தக் கடைக்கார அண்ணனுக்கும் பள்ளியில் பாடம் எடுக்கும் அக்காவுக்கும் தெரியும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

மொழியை முதல் மாதமே தொடங்கிவிடுங்கள், ஆபீஸில் ஆங்கிலம் ஓடினாலும். ப்ளூ கார்டில் பி1 அளவு (இடைநிலை) ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஏ1 (தொடக்க நிலை) மட்டும் இருந்தால் 27 மாதம். அந்த அட்டை வந்துவிட்டால் வேலை போனால் விசா என்னாகும் என்ற பயம் போகும், வீட்டுக்கடன் கேட்டாலும் வங்கி வேறு மாதிரி பேசும்.

ஓட்டுநர் உரிமத்துக்கும் இதே மாதிரி கெடு இருக்கிறது. இந்திய உரிமத்தை வைத்துக் குடியேறியதில் இருந்து ஆறு மாதம்தான் ஓட்டலாம். அப்புறம் எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேறி ஜெர்மன் உரிமம் வாங்க வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். கட்டாய வகுப்புகள் இல்லாமல் நேரடியாகத் தேர்வுக்குப் போக இந்திய உரிமம் கையில் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஆகவே ஊரில் இருக்கும்போதே அதன் காலாவதித் தேதியைப் பார்த்து, தேவைப்பட்டால் புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள்.